கசாய் ஒப்பரேஷன் செய்த மகளுக்குக் காய்ச்சல்: பனடோலோடு விடலாமா?

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "பிறக்கும்போதே மகளுக்குப் பித்தக்குழாய் அடைப்பு. 50 நாளில் கொழும்பில் கசாய் ஒப்பரேஷன் செய்தார்கள். இப்போது 13 வயது, நல்ல சுகம். இரண்டு வருடமாகக் கிளினிக் போகவில்லை. இடைக்கிடை குளிர்காய்ச்சல் வரும், பனடோல் கொடுத்தால் அடங்கிவிடும். இன்னும் கிளினிக் தேவையா?"

கட்டாயம் தேவை. 13 வருடம் ஈரல் மாற்றாமல், சொந்த ஈரலோடு வளர்ந்திருக்கிறாள், சந்தோஷம். ஆனால் அந்தக் குளிர்காய்ச்சல்தான் என்னைக் கவலைப்படுத்துகிறது.

ஜப்பானிய வைத்தியர் மோரியோ கசாய் 1950களில் தொடங்கிய முறை இது. பித்தம் வெளியேற வழியில்லாத ஈரலின் அடிவாசலில் சிறுகுடலைக் கொண்டுவந்து தைத்துவிடுவார்கள். பித்தம் இறங்கும். அதே வழியால் குடல் கிருமியும் மேலே ஏறும். அப்போது நடுக்கத்தோடு காய்ச்சல் வரும். கண் மஞ்சளாகலாம், மலம் களிமண் போல வெளுக்கலாம். இவை இல்லாமல் வெறும் காய்ச்சலாகவும் வரலாம். ஒவ்வொரு தடவையும் ஈரலில் தழும்பு கூடும். பனடோல் சூட்டைத் தணிக்குமே தவிர கிருமியைத் தொடாது. அதனால் காய்ச்சல் வந்த அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்துப் பார்க்கலாம் என்று நாளைக் கடத்த வேண்டாம்.

நம் பக்கம் மாரி தொடங்கினால் எந்தக் காய்ச்சலையும் டெங்கு என்றே நினைப்போம். இங்கே ஒரு சிக்கல். டெங்கில் பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் அணு) குறையும். ஆனால் தழும்பால் ஈரல் இறுகிய பிள்ளைக்கு மண்ணீரல் வீங்கி, காய்ச்சல் இல்லாத நாளிலேயே அது குறைவாக இருக்கலாம். சுகமாக இருக்கும்போது எடுத்த பிளேட்லெட் கணக்கு கிளினிக் கொப்பியில் இருந்தால், இரவு டியூட்டி வைத்தியர் எது புதிது, எது பழையது என்று பிரித்துப் பார்ப்பார். கிளினிக்கை விடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம். அப்புறம், இபுபுரோஃபன், அஸ்பிரின் இரண்டும் வீட்டில் கொடுக்கவே கூடாது, இரத்தக்கசிவு வரலாம். கருப்பு மலமோ இரத்த வாந்தியோ கண்டால் உடனே 1990 அம்புலன்ஸ்.

இப்போதைக்கு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ கல்முனையிலோ குழந்தை வைத்திய நிபுணரைக் காட்டுங்கள். ஈரல் இரத்தச் சோதனை, வயிற்று ஸ்கேன், ஏ, டி, ஈ, கே விற்றமின்கள் பற்றிக் கேளுங்கள். மண்ணீரல் வீங்கியிருந்தால் வயிற்றில் அடிபடும் விளையாட்டு வேண்டாம்.

பழைய டயக்னோசிஸ் கார்டைப் போனில் படம் எடுத்து வையுங்கள். ஒப்பரேஷனின் பெயரை மகளுக்கும் சொல்லிப் பழக்குங்கள். பள்ளிக்கூடத்தில் காய்ச்சல் வந்தால் அவளே ரீச்சரிடம் சொல்ல வேண்டும்.