பணம் கட்டும் முன் தேர்வைப் பாருங்கள்

உங்கள் மகள் டேட்டா அனாலிட்டிக்ஸ் (தரவுப் பகுப்பாய்வு) ஆன்லைன் கோர்ஸில் சேர ஆசைப்படுகிறாள், பணம் வீணாகிவிடுமோ என்று உங்களுக்குப் பயம். நியாயமான பயம்தான். விளம்பரத்தில் வரும் சம்பளக் கணக்கையும் நட்சத்திர மதிப்பெண்ணையும் முதலில் ஓரமாக வையுங்கள்.

இணையப் பாடங்களை வடிவமைப்பவர்களுக்கென்றே தர அளவுகோல்கள் இருக்கின்றன. அவற்றில் பலருக்கும் தெரிந்தது, அமெரிக்காவில் உருவான குவாலிட்டி மேட்டர்ஸ். உயர்கல்விக்கான அதன் அளவுகோலில் 8 பொதுத் தரநிலைகள். எட்டையும் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டாம். சொன்ன இலக்கு, நடத்திய பாடம், கொடுத்த பயிற்சி, வைத்த தேர்வு எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்பதைத்தான் அது முக்கியமாகப் பார்க்கிறது. நீங்களும் அதையே பாருங்கள்.

மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கோர்ஸின் பாடத்திட்டப் பக்கத்தைத் திறங்கள். 'தரவுப் பகுப்பாய்வைப் புரிந்துகொள்வீர்கள்' என்று எழுதியிருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். புரிந்ததா இல்லையா என்பதை எதை வைத்து அளப்பது? 'விடுபட்ட விவரங்கள் உள்ள ஒரு விற்பனைப் பட்டியலைச் சரிசெய்து, மாதவாரி வரைபடம் போடுவீர்கள்' என்றால் அது இலக்கு. அப்புறம் தேர்வுக்குப் போங்கள். இலக்கில் வரைபடம் போடச் சொல்லிவிட்டு, தேர்வில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், அந்தச் சான்றிதழ் அவள் கைவேலையைப் பற்றி எதுவும் சொல்லாது. நேர்முகத் தேர்வில் ஒரு கோப்பைக் கொடுத்து 'இதைச் சரிசெய்யுங்கள்' என்றதும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

வீடியோக்கள் அழகாக இருப்பதைப் பார்த்து நானே ஒருமுறை ஏமாந்து ஒரு மாணவருக்குச் சிபாரிசு செய்திருக்கிறேன். எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு வந்தார், காட்டுவதற்கு ஒரு ப்ராஜெக்ட்கூட இல்லை. வீடியோவின் நீளத்தையும் கவனியுங்கள். எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் 69 லட்சம் பார்வை அமர்வுகளை அலசி 2014-இல் வெளியான ஆய்வில், 6 நிமிடத்துக்குள் முடியும் வீடியோக்களையே மாணவர்கள் அதிகம் ஒன்றிப் பார்த்தார்கள் என்று தெரிந்தது. ஒரு மணி நேர வகுப்பை அப்படியே பதிவுசெய்து ஏற்றியிருந்தால், இணையத்துக்காக யாரும் மெனக்கெடவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

சந்தேகம் கேட்டால் எத்தனை நாளில் பதில் வரும், செய்து அனுப்பும் வேலையைத் திருத்துவது யார், வீடியோவுக்கு வசன வரிகள் உண்டா என்பதையும் எழுதிக் கேளுங்கள். பதில் வரும் வேகமே பாதியைச் சொல்லிவிடும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். குவாலிட்டி மேட்டர்ஸ் போன்ற அளவுகோலின் தர முத்திரை கோர்ஸுக்கு இருந்தால் பாடத்தின் வடிவமைப்பு சரி என்று அர்த்தம். வேலை கிடைக்கும் என்று அது உறுதி சொல்லவில்லை.

சரி, இரண்டு மூன்று கோர்ஸ்களை இப்படிப் பார்த்துவிட்டு மகளோடு என்னிடம் வாருங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் இதற்கு ஒதுக்க முடியும் என்பதை அவளே எழுதி எடுத்து வரட்டும்.