புது மாடல் வரப்போகிறது, பழசை வாங்கலாமா?

என்னிடம் ஸ்ட்ரிங் போடக் கொடுத்த டென்னிஸ் ராக்கெட்டைத் திரும்ப வாங்க வந்தவர்களுக்கு இந்த மாதம் ஒரே பேச்சுதான்: அடுத்து வரப்போகும் மாடல். வாட்ஸ்அப்பில் வந்த கேள்விகளிலும் பாதிக்கு மேல் அதுவே. சிலவற்றுக்கு இங்கே பதில்.

வில்சன் பிளேட் 98 ராக்கெட், எட்டாவது பதிப்பு வைத்திருக்கிறேன். ஒன்பதாவது பதிப்பை எங்கள் பக்கத்துக் கடையில் நல்ல தள்ளுபடியில் தருகிறார்கள். அதை வாங்கவா, இல்லை பத்தாவதற்காகக் காத்திருக்கவா? (பூச்சோங்)

கையில் இருப்பதில் என்ன குறை என்று நீங்கள் எழுதவே இல்லையே! அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வில்சனின் எட்டாவது பதிப்பு 2021-இல் வந்தது, ஒன்பதாவது 2024-இல். இரண்டுக்கும் ஹெட், அதாவது ஸ்ட்ரிங் கட்டும் தலைப்பகுதி, 98 சதுர அங்குலம், ஸ்ட்ரிங் இல்லாமல் எடை 305 கிராம். 16x19, 18x20 (நெடுக்கு இழை x குறுக்கு இழை) என்ற இரண்டு ஸ்ட்ரிங் அமைப்புகளும் அப்படியே இருக்கின்றன. மாறியது உள்ளே கார்பன் இழைகளை அடுக்கிய விதம், தலைப்பகுதியில் கழற்றி மாட்டும் பம்பர், அப்புறம் பெயின்ட். ஓரத்தில் பட்ட பந்துக்கு ஒன்பதாவது கொஞ்சம் கூடுதலாக நின்று கொடுக்கிறது என்பது என் கணிப்பு. இன்னொரு கம்பெனியான பபோலாட்டின் பியூர் டிரைவையும் பாருங்கள். 2021 மாடலுக்குப் பிறகு 2025-இல் புதியது வந்தது. 100 சதுர அங்குலம், 300 கிராம், 16x19 மூன்றிலும் கை வைக்கவில்லை. நன்றாக விற்கும் ராக்கெட்டைத் தலைகீழாக மாற்றினால் பழைய வாடிக்கையாளர் ஓடிவிடுவார் என்று கம்பெனிக்குத் தெரியாதா?

ஒருமுறை ஜாலான் டூத்தாவில் நண்பர்கள் நால்வர் ஒரு விளையாட்டு விளையாடினோம். ஒரே வரிசையின் பழையது ஒன்று, புதியது ஒன்று. இரண்டுக்கும் ஒரே ஸ்ட்ரிங், ஒரே டென்ஷன் (ஸ்ட்ரிங்கை இழுத்துக் கட்டும் இறுக்கம்) போட்டு, பெயின்ட் தெரியாதபடி கறுப்பு டேப் சுற்றி அடித்துப் பார்த்தோம். இரண்டு பேர் பழையதைப் புதியது என்று அடித்துச் சொன்னார்கள். அதில் ஒருவன் நான். பதினைந்து வருஷமாக ஸ்ட்ரிங் போடுகிறவன்!

அதனால் தள்ளுபடியில் கிடைப்பதை வாங்கலாம். இரண்டு ராக்கெட் வேண்டும் என்றால் இரண்டையும் இப்போதே எடுத்துவிடுங்கள். புதியது கடைக்கு வந்த பிறகு பழையதில் உங்கள் கிரிப் அளவு மிஞ்சியிருக்காது. கடைக்குப் போகும்போது சமையலறைத் தராசையும் கொண்டுபோங்கள். 305 என்று அச்சடித்தது 300 ஆகவும் இருக்கும், 310 ஆகவும் இருக்கும். எடை ஒத்த இரண்டைப் பொறுக்கி எடுப்பது உங்கள் வேலை. கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

வெளிவராத மாடல் ஒன்றின் விவரம் கசிந்திருக்கிறது. ஸ்விங்வெயிட் 290 என்று போட்டிருக்கிறார்கள். என்னுடைய பழையதற்கு 320. இவ்வளவு இலேசாக்கிவிட்டார்களா? (செந்தூல்)

இல்லை தம்பி. அந்த 290 ஸ்ட்ரிங் இல்லாத வெறும் ஃபிரேமுக்கு உரியதாக இருக்கும். உன் 320 ஸ்ட்ரிங் போட்ட பிறகு அளந்தது. ஸ்ட்ரிங் ஏறினால் மொத்த எடை 15 முதல் 18 கிராம் கூடும். அந்த எடை முழுவதும் தலைப்பக்கம் உட்காருவதால் ஸ்விங்வெயிட், அதாவது வீசும்போது கைக்குத் தெரியும் பாரம், 30 புள்ளி அளவுக்கு ஏறிவிடும். கணக்குப் போட்டுப் பார், இரண்டும் ஒன்றுதான்.

விற்பனைக்கு முன் வரும் பட்டியல்களில் இந்தக் குழப்பம் சகஜம். ஒருவர் கிராமில் ஸ்ட்ரிங் இல்லாமல் போடுவார், அமெரிக்கக் கடைக்காரர் அவுன்சில் ஸ்ட்ரிங்கோடு போடுவார். நடுவில் ஒருவர் இரண்டையும் ஒரே அட்டவணையில் ஒட்டி வீடியோ போட்டுவிடுவார். பேலன்ஸுக்கும், அதாவது ராக்கெட் சாயாமல் நிற்கும் நடுப்புள்ளிக்கும், இதே கதைதான். ஸ்ட்ரிங் போட்டால் சுமார் ஒரு சென்டிமீட்டர் தலைப்பக்கம் நகரும்.

வயது 52. முப்பது வருஷம் பூப்பந்து ஆடியவன், போன வருஷம்தான் டென்னிசுக்கு வந்தேன். முழங்கை வலிக்கிறது. அடுத்து வரும் மாடல்களில் ஆக இலேசானது எது? (பட்டர்வொர்த்)

அண்ணே, அந்தப் பழக்கம்தான் உங்களை இழுக்கிறது. பூப்பந்து மட்டை 80, 90 கிராம். இறகுப்பந்து ஐந்து கிராம் அளவு. டென்னிஸ் பந்தோ 56 கிராமுக்குக் குறையாது. 250 கிராம் ராக்கெட்டால் அதைத் தடுத்தால் ராக்கெட் பின்வாங்கும், அதிர்ச்சி கைக்கு வரும். போதாததற்கு இலேசான ராக்கெட்டில் வேகம் வர வேண்டும் என்று ஃபிரேமைத் தடிப்பாகவும் விறைப்பாகவும் செய்வார்கள்.

புதிய மாடலுக்காகக் காத்திருக்க வேண்டாம். 295 கிராம் பக்கம், வளைந்து கொடுக்கும் ஃபிரேமாகப் பாருங்கள். வில்சன் கிளாஷ் 100 அந்த ரகம். ஹெட் என்ற கம்பெனியின் கிராவிட்டி எம்பியும் அப்படித்தான். விறைப்பான பாலி (பாலியெஸ்டர்) ஸ்ட்ரிங்கை அறுத்து எறிந்துவிட்டு, மெல்லிய இழைகள் பல சேர்ந்த மென்மையான மல்டிஃபிலமென்ட் போடுங்கள், டென்ஷன் 50 பவுண்டுக்கு மேல் வேண்டாம். பேக்ஹேண்டில் மணிக்கட்டைச் சுண்டுகிறீர்களா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். பூப்பந்தில் அது வித்தை, இங்கே அது முழங்கைக்கு வினை. வலி விடாவிட்டால் முதலில் டாக்டர், அப்புறம்தான் ராக்கெட்.

மகனுக்கு 12 வயது. அல்கராஸ் வைத்திருக்கும் ராக்கெட்டின் புது மாடல் வந்ததும் அதுதான் வேண்டும் என்கிறான். ஆயிரம் வெள்ளி பக்கம் ஆகுமாம். (கிள்ளான்)

அல்கராஸ் ஆடுவது பபோலாட்டின் பியூர் ஏரோ 98 வரிசை. ஸ்ட்ரிங் இல்லாமலே 305 கிராம். ஒல்லியான பையனுக்கு இரண்டாவது செட்டிலேயே தோள் இறங்கிவிடும் அம்மா. அதே குடும்பத்தில் 270 கிராம் லைட், 285 கிராம் டீம் இருக்கின்றன. இரவல் வாங்கி அடிக்க விடுங்கள். நிறம் ஒன்றுதான், அவனுக்கு அது போதும் என்று நினைக்கிறேன்.

ஒரு வீரர் முழுக் கறுப்பு ராக்கெட்டோடு பயிற்சி செய்யும் படம் பார்த்தேன். அவரே மாறுகிறார் என்றால் புதியது நிச்சயம் மேல்தானே? (பெட்டாலிங் ஜெயா)

2013 ஜூலையில் ஃபெடரர் கறுப்பு ராக்கெட்டோடு ஹாம்பர்கில் இறங்கினார், அடுத்து குஷ்டாடில். பல வருஷம் ஆடிய 90 சதுர அங்குலத்தைவிடப் பெரிய ஹெட். இரண்டு இடத்திலும் தோற்றார். பழையபடி 90-க்கே திரும்பி அந்த வருஷத்தை முடித்தார். 2014 தொடக்கத்தில்தான் பெரிய ஹெட்டுக்கு முழுதாக மாறினார். நாம் கடையில் பார்த்த, அவர் பெயர் தாங்கிய ஆர்எஃப் 97 அதற்குப் பிறகு வந்தது, 340 கிராம். கறுப்பு ராக்கெட் என்றால் சோதனை நடக்கிறது என்று மட்டும்தான் பொருள்.

இன்னொரு பக்கமும் உண்டு. கைக்குப் பழகிய பழைய ஃபிரேமுக்குப் புதிய மாடலின் பெயின்ட் அடித்து ஆடும் வீரர்கள் பலர். 2009 முதல் 2015 வரை புக்கிட் ஜாலில் புத்ரா அரங்கில் மலேசிய ஓப்பன் நடந்தபோது முன்வரிசையில் உட்கார்ந்து உற்று உற்றுப் பார்த்திருக்கிறேன். பெயின்ட்டுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

இன்னும் வெளிவராத மாடலை இணையத்தில் ஒருவர் 350 வெள்ளிக்கு விற்கிறார். (சிகாம்புட்)

போலி. வேறு கேள்வி இல்லையே?

புது ராக்கெட்டைக் காரிலேயே வைத்திருக்கலாமா? (செராஸ்)

மதிய வெயிலில் நிறுத்திய காருக்குள் என்றால் வேண்டாம். ஃபிரேம் தாங்கும், ஸ்ட்ரிங் தளர்ந்துவிடும். மாலையில் அடிக்கும்போது பந்து வேலியைத் தாண்டும், நீங்கள் புது மாடலைத் திட்டுவீர்கள். ஆபீசுக்குள் எடுத்துப் போய் மேசைக்கடியில் வையுங்கள்.