கட்டட மாதிரிக்கு எந்த அட்டை, எந்தப் பசை? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் கட்டடக்கலை முதலாண்டு மாணவி. ஒரு சிறிய வீட்டை 1:50 அளவில் (உண்மை அளவின் ஐம்பதில் ஒரு பங்காக) மாதிரியாகச் செய்து கொடுக்க வேண்டும். கடையில் சன்போர்டு, ஃபோம் போர்டு, மவுண்ட் போர்டு, பால்சா என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். எதை வாங்குவது? (மதுரை வாசகி)

பதில்: கடைக்குப் போகும் முன் உங்கள் வரைபடத்தில் சுவரின் தடிமனைப் பாருங்கள். நம் வீடுகளில் வெளிச்சுவர் பெரும்பாலும் ஒன்பது அங்குலம், அதாவது 230 மி.மீ.; உட்சுவர் நாலரை அங்குலம், அதாவது 115 மி.மீ. 1:50 அளவில் இவை 4.6 மி.மீ., 2.3 மி.மீ. என்று ஆகும். எனவே வெளிச்சுவருக்கு 5 மி.மீ. பலகையும், உட்சுவருக்கு 2 மி.மீ. மவுண்ட் போர்டும் (தாளால் ஆன கெட்டி அட்டை) ஏறக்குறையப் பொருந்தும். கையில் இருக்கிறது என்பதற்காக எல்லாச் சுவர்களையும் 5 மி.மீ. பலகையிலேயே வெட்டினால், ஒவ்வோர் உட்சுவரும், உண்மை வீட்டின் கணக்கில், 250 மி.மீ. ஆகி அறைகளின் இடத்தில் 135 மி.மீ. அளவைத் தின்றுவிடும், வரைபடத்தில் நுழைந்த கட்டில் மாதிரியில் நுழையாது. அதே பலகையை 1:100 மாதிரிக்குப் பயன்படுத்தினால் சுவர் அரை மீட்டர் தடிமனாகி, வீடு கோட்டை போலத் தெரியும்.

தடிமன் முடிவானபின் பலகையின் குணத்தைப் பார்க்கலாம். ஃபோம் போர்டு என்பது இரண்டு தாள்களுக்கு இடையே பாலிஸ்டைரீன் (தெர்மாகோல் வகை) நுரையை வைத்துச் செய்தது. கத்திக்கு எளிதில் இணங்கும், ஆனால் முனை மழுங்கிய கத்தியால் வெட்டினால் உள்ளே இருக்கும் நுரை பொடிப்பொடியாகப் பிய்ந்து வரும். சன்போர்டு பி.வி.சி. நுரைப் பலகை, விளிம்பு சீராக நிற்கும், ஈரத்துக்கு அஞ்சாது, ஆனால் ஒரே அழுத்தில் வெட்ட முடியாது. ஸ்டீல் ஸ்கேலை அசையாமல் பிடித்துக்கொண்டு, மெதுவாக நான்கைந்து முறை இழுத்தால்தான் வெட்டு நேராக வரும். முதல் மாதிரியில் சன்னலை இடம் மாற்றுவதும் சுவரைத் திரும்ப வெட்டுவதும் தவிர்க்க முடியாதவை என்பதால், வடிவத்தைத் தேடும் கட்டத்தில் ஃபோம் போர்டையும், எல்லாம் முடிவான பிறகு சன்போர்டையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே என் பரிந்துரை.

மூலைகளில்தான் மாணவர்கள் பெரும்பாலும் தவறுகிறார்கள். வீடு 6 மீட்டருக்கு 9 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மாதிரியின் வெளி அளவு 120 மி.மீ.க்கு 180 மி.மீ. நீளச் சுவர்கள் இரண்டையும் முழு 180 மி.மீ.க்கு வெட்டினால், குறுக்குச் சுவர்கள் இரண்டும் அவற்றுக்கு இடையே அடங்க வேண்டும். ஆகவே அவற்றை, இருபுறமும் ஐந்தைந்து மி.மீ. கழித்து, 110 மி.மீ.க்கு வெட்ட வேண்டும். ஃபோம் போர்டில் வெட்டு முகத்தின் நுரை வெளியே தெரியக்கூடாது என்றால், நீளச் சுவரின் ஓரத்தில் 5 மி.மீ. அகலத்துக்கு உட்புறத் தாளையும் நுரையையும் மட்டும் சீவி எடுத்துவிட்டு, மிஞ்சும் வெளித்தாளால் குறுக்குச் சுவரின் முனையை மூடுங்கள். அப்போது குறுக்குச் சுவர் வெளித்தாள் வரை உள்ளே செல்வதால் அதை முழு 120 மி.மீ.க்கே வெட்டிக்கொள்ள வேண்டும்.

பால்சாவைச் சுவருக்கு வீணாக்காதீர்கள். நடு அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் வளரும் மிக லேசான மரம் அது; படிகள், தூண்கள், கூரை விட்டங்கள் ஆகியவற்றுக்கு அருமையாக உதவும். ஆனால் இழையின் குறுக்கே வெட்டும்போது எளிதில் நசுங்கும் என்பதால், புதிய பிளேடால் அழுத்தாமல் வெட்ட வேண்டும்.

கேள்வி: தெர்மாகோலில் குன்றுபோல் நிலமேடு செய்து, ரப்பர் பசை தடவினேன். ஒட்டிய இடமெல்லாம் குழிவிழுந்து உருகிவிட்டது. பசை கெட்டுப்போனதா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: பசை கெடவில்லை. தெர்மாகோலின் கன அளவில் ஏறத்தாழ 98 விழுக்காடு காற்று. மிச்சமுள்ள பாலிஸ்டைரீனை, ரப்பர் பசையில் இருக்கும் கரைப்பான் கரைத்துவிடுகிறது. தாங்கி நிற்கும் சுவர் கரைந்ததும் காற்று வெளியேறிக் குழி விழுகிறது. உடனே ஒட்டும் பசைகளும், ஸ்பிரே பெயிண்டுகளில் பலவும் இதையே செய்யும். ஃபோம் போர்டின் உள்நுரைக்கும் இதே ஆபத்து உண்டு. இவற்றுக்கு நீர் கலந்த வெள்ளைப் பசையே ஏற்றது. ஆனால் அதே வெள்ளைப் பசையை மவுண்ட் போர்டில் தாராளமாகப் பூசினால், நீரை உறிஞ்சிய பக்கம் உப்பி அட்டை வளைந்துவிடும். மெல்லியதாகப் பூசி, காயும்வரை கனமான புத்தகங்களை மேலே வைத்திருங்கள். அக்ரிலிக் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) துண்டுகளை உடனே ஒட்டும் பசையால் இணைத்தால், பசையின் ஆவி படிந்து விளிம்பைச் சுற்றி வெள்ளைப் படலம் தங்கிவிடும். எந்தப் பசையையும் முதலில் கழிவுத் துண்டில் பூசி ஒரு மணி நேரம் காத்திருந்து பார்ப்பது, மூன்று இரவுகளின் உழைப்பைக் காப்பாற்றும்.

கேள்வி: லேசர் கடையில் அக்ரிலிக்கை வெட்டித் தருகிறார்கள், சன்போர்டை மட்டும் வெட்ட மறுக்கிறார்கள். ஏன்? (கோவை வாசகர்)

பதில்: அவர்கள் செய்வது சரி. பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். லேசரின் சூட்டில் அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளியேறி, வேலை செய்பவரின் நுரையீரலையும், எந்திரத்தின் லென்சையும் உலோகப் பாகங்களையும் அரிக்கும். வெட்டித் தர ஒப்புக்கொள்ளும் கடை இருந்தாலும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: என் மாதிரிக்கு ஓடு, புல், செங்கல் தாள் எல்லாம் ஒட்டி வண்ணம் தீட்டினேன். பேராசிரியர், "எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெள்ளையாகக் கொண்டுவா" என்கிறார். இது நியாயமா? (சென்னை வாசகி)

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் நான் பேராசிரியர் பக்கமே நிற்பேன். 15ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியக் கட்டடக் கலைஞர் லியோன் பத்திஸ்தா அல்பெர்ட்டி, வண்ணம் பூசி அலங்கரித்த மாதிரிகளை விட்டு, எளிய வெற்று மாதிரிகளைச் செய்யும்படி அறிவுறுத்தினார். பார்ப்பவரின் கண், செய்தவரின் கைத்திறமையில் நின்றுவிடாமல் கட்டடத்தின் எண்ணத்துக்குப் போக வேண்டும் என்பது அவர் கருத்து. ஒரே நிறத்து மாதிரியை மாலையில் சன்னலோரம் வைத்துப் பாருங்கள்: எந்தச் சுவர் எந்த முற்றத்தை இருட்டாக்குகிறது, திண்ணைக்கு நிழல் எவ்வளவு விழுகிறது என்பதை அது காட்டும். மரமும் ஓடும் வாடிக்கையாளருக்குக் காட்டும் மாதிரியில் இடம்பெறட்டும். படிப்பதற்கான மாதிரியில் செங்கல் தாள், தவறான ஒரு சுவரை மறைத்துவிடும்.

கேள்வி: என் தாத்தா தஞ்சாவூரில் வாங்கிய நெட்டிப் பெரிய கோயில் எங்கள் வீட்டில் இருக்கிறது. மஞ்சள் பூத்துவருகிறது. அதையும் கட்டட மாதிரி என்று சொல்லலாமா? எப்படிப் பாதுகாப்பது? (கும்பகோணம் வாசகி)

பதில்: தாராளமாகச் சொல்லலாம். நெட்டி, நீர் தேங்கிய இடங்களில் வளரும் செடி. அதன் பழுப்புத் தோலைச் சீவினால் கிடைக்கும் வெண்மையான உட்சோற்றில்தான் விமானமும் கோபுரமும் செதுக்கப்படுகின்றன. ஆங்கிலேயர் காலத்து சோலா என்னும் வெயில் தொப்பியும் இதே இனப் பொருளால் ஆனது. பால்சாவைப் போல லேசானது, ஆனால் அதைவிடவும் மென்மையானது; கத்தி போகும் வழியெல்லாம் இணங்குவதால்தான் விமானத்தின் ஒவ்வொரு தளத்தையும் அவ்வளவு நுணுக்கமாக அதில் காட்ட முடிகிறது. தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

வெயில் நேரடியாகப் படுவதுதான் மஞ்சளாவதற்கு முதன்மைக் காரணமாக இருக்கும். ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். நெட்டி நீரை உறிஞ்சும், ஒட்டிய இடங்கள் விட்டுப்போகும். மென்மையான ஓவியத் தூரிகையால் தூசியை மேலிருந்து கீழாகத் தட்டிவிட்டு, சன்னலுக்கு எதிரே இல்லாத சுவரோரமாக, கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள். வெண்மையை மீட்பதற்காக வார்னிஷோ பெயிண்டோ பூசச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்; உதிர்ந்த துண்டு ஏதேனும் இருந்தால் அதை ஒரு தாளில் மடித்துப் பெட்டிக்குள்ளேயே வைத்து, நெட்டி வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்து ஒட்டச் சொல்லுங்கள்.