வாசகர் கேள்விகள்: எச்.ஐ.வி. உள்ள பிள்ளைகளும் பூஞ்சைத் தொற்றும்

மகளுக்கு 7 வயது, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். கிரிப்டோகாக்கஸ் ரத்தப் பரிசோதனை எடுக்கணுமா? (குளச்சல்)

அறிகுறி இல்லையென்றால் வேண்டாம். கிரிப்டோகாக்கஸ் மூளையுறையைத் தாக்கும் ஒரு பூஞ்சை; பத்து வயதுக்குள் இந்த நோய் அபூர்வம். உலக சுகாதார நிறுவனம் இந்தப் பரிசோதனையைச் சொல்வது பத்து வயதுக்கு மேல், சிடி4 (ரத்தத்தில் நோயெதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை) 100-க்குக் கீழே இருப்பவர்களுக்கு. 200 வரைக்கும் பார்க்கலாம். விடாத தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு என்றால் மட்டும் வயது பார்க்காதீர்கள், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பையனுக்கு வாயில் வெள்ளை. பூஞ்சைக்கான ஃபுளூகோனசோல் மாத்திரை எத்தனை மில்லிகிராம்? (மார்த்தாண்டம்)

வயது? எடை? ஒன்றும் எழுதாமல் அளவு கேட்டால் எப்படி? மெடிக்கலில் வாங்காமல் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்து) மையத்தில் வாயைக் காட்டுங்கள். விழுங்கும்போது வலித்தால் தொற்று உணவுக்குழாய்க்கு இறங்கியிருக்கலாம்.

மகளுக்கு எச்.ஐ.வி. பேரனுக்கு ஆறாவது வாரப் பரிசோதனையில் இல்லை என்று வந்தது. இப்போது நான்கு மாதம், தாய்ப்பால் குடிக்கிறான். செப்ட்ரான் சிரப்பை நிறுத்திவிட்டோம், சரிதானே? (தக்கலை)

சரியில்லை பாட்டி. இன்றைக்கே மையத்தில் கேட்டு மறுபடி தொடங்குங்கள். இப்படி ஒரு கடிதம் வராத மாதமே இல்லை! பால் குடிக்கும்வரை தொற்ற வாய்ப்பு உண்டு. பாலை நிறுத்தி, அதற்குப் பிறகு எடுக்கும் பரிசோதனையிலும் இல்லை என்று வந்தால்தான், அதுவும் மையத்தில் சொன்னால்தான், சிரப்பை நிறுத்தலாம். நியூமோசிஸ்டிஸ் என்கிற பூஞ்சை நுரையீரலைத் தாக்குவது பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதக் குழந்தைகளைத்தான். நல்லா இருக்கிற குழந்தையிடம் அதை முன்கூட்டிக் கண்டுபிடிக்க ஸ்கிரீனிங் பரிசோதனை கிடையாது. ஆரம்பத்தில் எக்ஸ்ரேகூடச் சுத்தமாக இருக்கும். அதனால்தான் ஆறு வாரத்திலேயே தடுப்பு மருந்தாக இந்தச் சிரப்பைத் தொடங்குகிறார்கள். பூஞ்சைதானே, ஃபுளூகோனசோல் போதாதா என்றால், அது இதற்குக் கேட்காது. மழைக்காலச் சளி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். இந்த வயதில் மூச்சு நிமிடத்துக்கு 50-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ உடனே ஆஸ்பத்திரி. மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

13 வயது மகனுக்கு கிரிப்டோகாக்கஸ் பாசிட்டிவ். தலைவலியே இல்லை, முதுகில் நீர் எடுக்கணும் என்கிறார்கள். (கருங்கல்)

எடுக்கட்டும். தலைவலி இல்லாமலும் மூளையுறையில் தொற்று இருக்கலாம். இருந்தால் ஏ.ஆர்.டி. தொடங்குவதையே 4–6 வாரம் தள்ளிவைப்பார்கள். ஏற்கெனவே சாப்பிடுகிறான் என்றால், மறுபடியும் சொல்கிறேன், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மாடியில் புறா வளர்க்கிறோம். (தோவாளை)

கேள்வி எங்கே? சரி, எச்சத்தில் கிரிப்டோகாக்கஸ் இருக்கும். கூண்டு கழுவும் வேலையைப் பிள்ளையிடம் விடாதீர்கள்.