கிராக்கோ போறீங்களா? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

தென் இத்தாலில பசிலிகாட்டா மாநிலத்துல, மட்டேரா பக்கத்துல குன்று மேல ஆளே இல்லாம நிக்குற ஊர் கிராக்கோ. நான் பாரிங்குற இத்தாலி நகரத்துல வேலை பாக்குறேன், வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்களை எல்லாம் அங்க கூட்டிட்டு போய் போய் அரை கைடு ஆயிட்டேன். கேளுங்க.

செந்தில்: அக்கா, யூடியூப்ல பேய் ஊர்னு போடுறாங்களே, ஒரு ஊரே எப்படி காலியாகும்?

பேயும் இல்ல பிசாசும் இல்ல தம்பி, எல்லாம் மண்ணு பண்ண வேலை. குன்று பூரா களிமண், தண்ணி உள்ள இறங்கினா சறுக்க ஆரம்பிச்சிடும், குடிதண்ணி குழாய் சாக்கடைனு தோண்டினதும் சேர்ந்துதான் கெட்டுச்சுன்னு சொல்றாங்க. 1963ல பெருசா சரிஞ்சுது, அப்புறம் கிட்டத்தட்ட 1800 பேரை கீழ பள்ளத்தாக்குல கிராக்கோ பெஸ்கியேராங்குற இடத்துக்கு மாத்தினாங்க. சிலர் போகமாட்டேன்னு உக்காந்தாங்க, 1972 வெள்ளமும் 1980 நிலநடுக்கமும் வந்து அவங்களையும் கிளப்பிடுச்சு. ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே ஊர் தேய ஆரம்பிச்சாச்சு, 1892லேர்ந்து 1922க்குள்ள விளைச்சல் இல்லாம 1300 பேருக்கு மேல அமெரிக்காவுக்கு கப்பலேறிட்டாங்க. பேய்க்கதை சொல்றவங்க இத சொல்லவே மாட்டாங்க, அதான் எனக்கு கடுப்பு.

ப்ரியா: நாமளே உள்ள போய் சுத்தி போட்டோ எடுக்கலாமா?

முடியாது. வேலி போட்டிருக்கு, டிக்கெட் வாங்கி கைடு கூடத்தான் போகணும், தலைல ஹெல்மெட் மாட்டி விடுவாங்க. சும்மா பந்தாவுக்கு இல்லப்பா, சுவர் இன்னும் உதிருது. எந்த சந்து திறந்திருக்கோ அதுலதான் கூட்டிட்டு போவாங்க. உச்சில சதுரமா ஒரு பழைய நார்மன் கோபுரம் நிக்கும், எல்லாரும் அதத்தான் எடுப்பாங்க. நீங்க கோபுரத்த விட்டுட்டு வீடுங்கள பாருங்க. முன்பக்க சுவர் முழுசா நிக்கும், ஜன்னல் வழியா எட்டிப்பாத்தா உள்ள கூரையும் இருக்காது தரையும் இருக்காது, நேரா வானம். வெளில திரும்பினா சுத்திலும் மழை அரிச்ச சாம்பல் நிற களிமண் மேடுகள், கலாங்கின்னு சொல்வாங்க, ஊர் ஏன் விழுந்துச்சுன்னு அத பாத்தாலே புரிஞ்சிடும்.

ரமேஷ் குமார்: மேடம், ரோம்ல இருந்து ஒரே நாள்ல போயிட்டு வந்துடலாமா?

வேணாம் சார். ரோட்லயே நாள் போயிடும். பாரிக்கு ஃப்ளைட்லயோ ட்ரெயின்லயோ வந்து, அங்கேர்ந்து சின்ன ரயில்ல மட்டேரா போங்க, ரெண்டு மணி நேரத்துக்குள்ள தான். இத ஓட்டுறது பெரிய ரயில் கம்பெனி இல்ல, வேற கம்பெனி, ஞாயித்துக்கெழம கிளம்புறதா இருந்தா அட்டவணைய நல்லா பாத்துக்கோங்க. மட்டேராவுல ரெண்டு ராத்திரி தங்கி, அங்க கார் எடுத்தா கிராக்கோ ஒரு மணி நேர ஓட்டம். பஸ்ஸ நம்பி போகாதீங்க. நம்ம ஊர் லைசென்ஸ் மட்டும் பத்தாது, ஆர்டிஓவுல இன்டர்நேஷனல் பெர்மிட் வாங்கிட்டு வாங்க. காருக்கு டெபாசிட் பிடிக்க ஓட்டுறவங்க பேர்லயே கிரெடிட் கார்டு கேப்பாங்க.

கவிதா: அம்மாவுக்கு முட்டி வலி, கூட்டிட்டு போகலாமா அக்கா?

ஏத்தம், சரளைக்கல், கைப்பிடி எல்லா இடத்துலயும் கிடையாது. எதிர்ல ரோட்டோரமா நின்னு பாத்தாலே மொத்த ஊரும் தெரியும்மா, அம்மாவ அங்க நிழல் பாத்து உக்கார வைங்க. ஆகஸ்ட்ல மட்டும் வேணாம், வெயில் மண்டைய பொளக்கும். ஏப்ரல் மே, இல்லன்னா செப்டம்பர் கடைசி.

முரளி: ட்ரோன்?

அனுமதி கேக்காம வேணாம் ப்ரோ.

லட்சுமி நாராயணன்: நாங்க சுத்த சைவம். பட்டினி கிடக்கணுமா?

அய்யய்யோ, இந்த மாநிலத்துலயா! செனிசே ஊர் மிளகாய வெயில்ல காய வச்சு எண்ணெய்ல பொரிப்பாங்க, பெப்பெரோனி க்ருஸ்கின்னு பேரு, காரமே இருக்காது, ஆனா அப்பளம் மாதிரி நொறுங்கும். அத பாஸ்தா மேல ரொட்டித்தூளோட போட்டு தருவாங்க, மட்டேரா ரொட்டியும் கொண்டைக்கடலை சூப்பும் இருக்கு. ஒரே எச்சரிக்கை, கீரை போட்ட ஒரெக்கியேத்தேங்குற பாஸ்தா பாக்க சைவமா இருக்கும், நெத்திலி மாதிரி மீன கரைச்சு விட்டிருப்பாங்க, "சென்சா அச்சூகே", அதாவது அந்த மீன் இல்லாமன்னு சொல்லுங்க. மத்தியானம் மூணு மணிக்கு சாப்பிடலாம்னு போனா சமையல மூடிட்டு போயிருப்பாங்க, ஒன்றரைக்குள்ள உக்காந்துடுங்க.

செந்தில்: அக்கா மறுபடி நான்தான், ஆளுங்க வாழ்ற மலை கிராமம் ஏதாவது?

இத முதல்லயே கேட்டிருக்கணும் தம்பி! கிராக்கோவுக்கு அரை நாள் போதும், மிச்ச நேரத்த காஸ்டெல்மெட்சானோவுக்கு குடுங்க. ஊசி ஊசியா நிக்குற பாறைக்கு நடுவுல செருகின மாதிரி வீடுங்க, எதிர் மலைல பியெத்ரபெர்தோசாங்குற இன்னொரு கிராமம், 1088 மீட்டர் உயரத்துல. ரெண்டுக்கும் நடுவுல கம்பில தொங்கிட்டு பறக்கலாம், 1400 மீட்டருக்கு மேல நீளம். எடை வரம்பு உண்டு, சீசன்ல மட்டும்தான் ஓடும், முன்னாடியே புக் பண்ணுங்க. பறக்க பயமா இருந்தா சாயங்காலம் சதுக்கத்துல காபி வாங்கிட்டு உக்காருங்க, தாத்தாங்க சீட்டு ஆடிட்டு இருப்பாங்க, "எந்த ஊரு"ன்னு அவங்களே கேப்பாங்க.