கட்டியை எடுத்தாச்சு, கரண்ட் எதற்கு?

மார்பகப் புற்றுக்காக, மார்பகத்தை எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்துக்கொண்டவர்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகள் இவை. நம்மூரில் கதிர்வீச்சு சிகிச்சையைக் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். மின்சாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எக்ஸ்ரே எடுப்பது போலத்தான், வைக்கும்போது வலிக்காது.

என் மைனிக்குக் கட்டியை எடுத்தாச்சு. ஓரத்தில் புற்று இல்லை என்று ரிப்போர்ட்டும் வந்தாச்சு. அப்புறம் எதற்குக் கரண்ட்? முழுசாக எடுத்திருந்தால் இந்த அலைச்சலே இல்லையே என்கிறார் மாமி. (மார்த்தாண்டம்)

ஓரம் சுத்தம் என்றால், வெட்டியெடுத்த துண்டின் விளிம்பில் நோய் இல்லை, அவ்வளவுதான். மீதி மார்பகத்தில் ஸ்கேனுக்கும் அகப்படாத செல்கள் ஒளிந்திருக்கலாம். கதிர் அவற்றுக்குத்தான்.

17 ஆய்வுகளில் இருந்த 10,801 பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து 2011-இல் வெளியிட்டார்கள். கதிர் வைக்காதவர்களில் 35 சதவீதம் பேருக்கு 10 ஆண்டுக்குள் நோய் திரும்பியிருந்தது; வைத்தவர்களில் 19 சதவீதம். 15 ஆண்டில் மார்பகப் புற்றால் இறந்தவர்கள் முறையே 25, 21 சதவீதம். பழைய காலத்து நோயாளிகள் என்பதால் எண்கள் பெரிதாக இருக்கின்றன. இன்றைய மருந்துகளோடு நோய் திரும்புவது இதைவிடக் குறைவு. ஆனால் கதிரின் பலன் இன்றும் உண்டு.

மாமியிடம் சொல்லுங்கள்: மார்பகத்தை முழுசாக எடுத்தவர்களையும் கட்டியை மட்டும் எடுத்தவர்களையும் 20 ஆண்டு கவனித்த அமெரிக்க ஆய்வில், உயிரோடு இருந்தவர்களின் விகிதத்தில் வித்தியாசமே இல்லை. அதே ஆய்வில் கட்டியை மட்டும் எடுத்துக் கதிரை விட்டவர்களில் 39 சதவீதம் பேருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது, வைத்தவர்களில் 14. பாதி சிகிச்சையோடு நிற்பதுதான் எனக்குப் பயம்.

ரப்பர் வெட்டுக்குப் போகிறேன். எத்தனை நாள் கூலி போகும்? (குலசேகரம்)

முன்பு ஐந்து வாரம். அப்புறம் மூன்று வாரத்தில் 15 தடவை என்றானது. ஒரே வாரத்தில் ஐந்து தடவை வைத்தாலும் நோய் திரும்புவது கூடுவதில்லை என்று 2020-இல் வந்த பிரிட்டன் ஆய்வு காட்டியது. எல்லோருக்கும் ஐந்து பொருந்தாது. கட்டி இருந்த இடத்துக்குக் கூடுதல் டோஸ் தேவைப்பட்டாலோ அக்குள் நெறிக்கட்டியில் நோய் இருந்தாலோ நாள் கூடலாம். 'எனக்கு ஐந்து போதுமா?' என்று தயங்காமல் கேளுங்கள். நெய்யூரிலேயே கதிர்வீச்சு வசதி உண்டு. திருவனந்தபுரம் போக முடியாது என்று தள்ளிப்போட வேண்டாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள்.

கறுப்பு மணலில் ஏற்கெனவே கதிர்வீச்சு. அதற்கு மேல் இதுவுமா? (மணவாளக்குறிச்சி)

நியாயமான கேள்வி. அந்த மோனசைட் மணலில் கதிர்வீசும் தோரியம் இருப்பது உண்மை. ஆனால் அது உடம்பு முழுக்க வருடக்கணக்கில் சிறுகச் சிறுகப் படுவது. இதே வகை மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் மக்களைப் பல ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வு, அதனால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. சிகிச்சையில் மார்பகத்தை மட்டும் குறிவைத்து, கணக்குப் போட்டு வைக்கிறோம். மணலை நினைத்து இதை விட்டுவிடாதீர்கள்.

அம்மாவுக்கு 72 வயது. விட்டுவிடலாமா? (தக்கலை)

சிலருக்கு விடலாம். 65 வயதைத் தாண்டியவர், கட்டி 3 சென்டிமீட்டருக்குள், நெறிக்கட்டியில் நோய் இல்லை, ஹார்மோனால் வளரும் வகைப் புற்று (ரிப்போர்ட்டில் 'ஹார்மோன் ஏற்பி பாசிட்டிவ்'), அந்த ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவார் என்றால். இப்படிப்பட்டவர்களில் 10 ஆண்டில் அதே மார்பகத்தில் திரும்பியது கதிர் இல்லாமல் 9.5 சதவீதம், கதிரோடு 0.9. உயிர் பிழைத்திருப்பதில் வித்தியாசமில்லை. மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடுவார் என்று உங்களுக்கே தோன்றினால், நான் கதிர் வைக்கத்தான் சொல்வேன்.

இடது பக்கம். இதயம் கெடுமா? (குளச்சல்)

மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்திருக்கும்போது கதிர் வைத்தால் இதயம் விலகி நிற்கும். அந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

மீன் சாப்பிடலாமா? (மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்)

தாராளமாக. பத்தியம் எதுவும் கிடையாது. தோல் கறுக்கும், எரியும், களைப்பாக இருக்கும். சில வாரங்களில் சரியாகும். தளர்ந்த பருத்தித் துணி போடுங்கள். கதிர் வைக்கப் போகிற நேரத்தில் மட்டும் அந்த இடத்தில் தேங்காய் எண்ணெயை அப்பிக்கொண்டு போகாதீர்கள்.