கடலைப் பற்றிக் கேளுங்கள்: உப்பளத்திலிருந்து கள்ளக்கடல் வரை

கடல் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதற்கு, நினைத்ததைவிட அதிகமாகவே கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். மீன் விலை, குமரிக்கண்டம் இரண்டையும் தொடவில்லை. முதலாவது எனக்குத் தெரியாது, இரண்டாவது சண்டையில் முடியும். ஆய்வுக் கப்பல்களில் பல வருடம் கடல்நீரை அள்ளி அளந்தவன் என்பதுதான் என் தகுதி.

தூத்துக்குடி, கல்லூரி மாணவி: ஆறெல்லாம் நல்ல தண்ணியைத்தானே கொண்டுவந்து கொட்டுது? கடல் மட்டும் ஏன் சார் உப்பு?

ஆற்றுத் தண்ணீரிலும் உப்பு இருக்கிறதும்மா, நாக்குக்குத் தெரியாத அளவில். மழை பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது, ஆறு அதைச் சுமந்து வருகிறது. கடலடி எரிமலைப் பிளவுகளும் தம் பங்கைச் சேர்க்கின்றன. வெயிலில் தண்ணீர் மட்டும் ஆவியாகிப் போகிறது, உப்பு தங்கிவிடுகிறது. இது கோடிக்கணக்கான ஆண்டுகளாக நடக்கிறது. வந்து சேரும் அளவுக்குக் கடலடி வண்டலிலும் படிந்துவிடுவதால் கடல் மேலும் மேலும் கரிப்பதில்லை. இன்று சராசரியாக ஒரு கிலோ கடல்நீரில் 35 கிராம் உப்பு.

பாடப் புத்தகத்தைவிட நன்றாக இதைச் சொல்லித்தர உங்கள் ஊர் உப்பளம் போதும். பாத்திக்கு வரும் கடல்நீர், உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் பாமே மானியில் 3 டிகிரி சொச்சம் காட்டும். வெயிலில் வற்ற வற்ற, உப்புக்கு முன்பே ஜிப்சம் படியும். 25 டிகிரியைத் தொட்டால்தான் நாம் சாப்பிடும் உப்பு விளையும். 30ஐ நெருங்கும் முன் மிச்ச நீரைத் திறந்துவிடுவார்கள். விடாவிட்டால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும். ஆக, கடலில் இருப்பது வெறும் சோற்றுப்பு இல்லை. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சாலஞ்சர் கப்பல் கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளைச் சோதித்த வேதியியலாளர் டிட்மார் இன்னொன்றைக் காட்டினார்: எந்தக் கடலானாலும் இந்த உப்புகளுக்குள் இருக்கும் விகிதம் ஏறக்குறைய ஒன்றே. சாம்பாரில் தண்ணீர் கூடலாம் குறையலாம், போட்ட பொடியின் பக்குவம் மாறாது.

சென்னை, ஐப்பசி வந்தாலே பயப்படுபவர்: புயலெல்லாம் ஏன் அரபிக்கடலை விட்டுட்டு நம்ம பக்கமே வருது?

இதற்கும் உப்புக்கும் சம்பந்தம் உண்டு. கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா எல்லாம் கொட்டுவது வங்காள விரிகுடாவில். போதாததற்கு மழையும் அதிகம். இந்த நல்ல தண்ணீர் லேசானது, பாலில் ஆடை போல மேலே மிதக்கும். அடியிலுள்ள குளிர்ந்த நீரைக் கலக்கி மேலே கொண்டுவரக் காற்று என்ன முயன்றாலும் இந்த ஆடை எளிதில் விடுவதில்லை. அதனால் மேற்பரப்பு 28 டிகிரியை ஒட்டியே சூடாக இருக்கிறது. புயலுக்கு வேண்டியது சுமார் 26.5 டிகிரிக்கு மேற்பட்ட நீர்.

அரபிக்கடலில் மழையைவிட ஆவியாவது அதிகம், உப்பும் அதிகம். தென்மேற்குப் பருவக்காற்று அங்கே கடலைக் கடைந்து எடுக்கிறது. சோமாலியா, ஓமன் ஓரங்களில் அடிநீர் மேலே வந்து 25 டிகிரிக்கும் கீழே போய்விடும். தவிர, தென்சீனக் கடலில் செத்துப்போன சூறாவளியின் மிச்சம் நிலத்தைத் தாண்டி வந்து நம் விரிகுடாவில் மறுபடி உயிர் பெறுவதும் உண்டு. இதற்காக மேற்குக்கரை நிம்மதியாக இருக்கலாம் என்று அர்த்தமில்லை. 2017 ஒக்கியைக் குமரிக்காரர்கள் மறக்கமாட்டார்கள். அரபிக்கடலும் சூடேறி வருகிறது.

நாகர்கோவில், பள்ளி ஆசிரியர்: 2024 மே மாதம் எங்கள் மாவட்டத்தில் நடந்ததைப் பார்த்த பிறகு கேட்கிறேன். காற்றில்லை, மழையில்லை, வானம் தெளிவு. அலை மட்டும் எங்கிருந்து வந்தது ஐயா?

மே 6ஆம் தேதி லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனதைச் சொல்கிறீர்கள். அதன் பெயர் கள்ளக்கடல். கேரள மீனவர்களின் சொல். 2012இல் யுனெஸ்கோவே ஏற்றுக்கொண்டது. திருடன் போல் சொல்லாமல் வரும் கடல் என்று பொருள்.

அது பிறக்கும் இடம் நமக்குத் தெற்கே சில ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தென்கடலில். அங்கே அடிக்கும் பெருங்காற்று எழுப்பும் அலைகளில் நீளமானவை, அதாவது முகட்டுக்கு முகடு தூரம் அதிகமானவை மட்டும் தேய்ந்து போகாமல் கிளம்பி வருகின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைவெளி 18 நொடி என்றால் அந்த அலைக்கூட்டம் நொடிக்கு 14 மீட்டர், ஒரு நாளைக்குச் சுமார் 1,200 கிலோமீட்டர் நகரும். 5,000 கிலோமீட்டரைக் கடக்க நாலு நாள். அதற்குள் அங்கே புயலே ஓய்ந்திருக்கும்.

வருவது தண்ணீர் இல்லை, ஆற்றல். கட்டிய கயிற்றை ஒரு முனையில் உதறினால் நெளிவு மறுமுனைக்கு ஓடுகிறது, கயிறு அங்கேயேதான் கிடக்கிறது. நடுக்கடலில் படகில் இருப்பவருக்கு அந்த அலை மெல்லத் தூக்கி இறக்குவது போலத்தான் இருக்கும். ஆனால் அதன் நீளம் 500 மீட்டர். அலை தன் நீளத்தில் பாதி ஆழத்துக்கு வந்ததுமே தரையை உணர ஆரம்பிக்கும். உள்ளூர்க் காற்றில் எழும் 50 மீட்டர் அலை 25 மீட்டர் ஆழத்தில் தரையை உணரும், இதுவோ 250 மீட்டரிலேயே. அங்கிருந்து வேகம் குறையும். பின்னால் வருவது முன்னால் போவதை நெருக்கும், அலை உயரும். கரையில் வந்து விழும்போது வழக்கமான கோட்டைத் தாண்டி மேலே ஏறி, அதே வேகத்தில் திரும்ப இழுக்கும்.

எளிய சோதனை ஒன்று உண்டு. கரையில் நின்று பத்து அலை உடைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். சாதாரண நாளில் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். காற்றே இல்லாத நாளில் இரண்டரை நிமிடத்தைத் தாண்டினால் அந்த அலை தொலைவிலிருந்து வருவது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேலே வந்துவிடுங்கள். அதற்கும் முன்னால், ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் வெளியிடும் எச்சரிக்கையைப் பாருங்கள். அந்த மே மாதமும் எச்சரிக்கை இருந்தது. கரைக்கு வந்து நிற்பவன் காது வரை அது போய்ச் சேரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

குளச்சல், மீன்பிடித் தொழில்: சித்திரை, வைகாசியிலதான் இது ஜாஸ்தி. அமாவாசை, பௌர்ணமியோட சேர்ந்தா வீட்டுக்குள்ளயே வரும். அதையும் எழுதுங்க.

எழுதிவிட்டேன் அண்ணே. அமாவாசை, பௌர்ணமியில் ஓதம், அதாவது கடல் ஏற்றம், அதிகம். அது ஏறியிருக்கும் நேரத்தில் அலை வந்தால் அது நிற்கும் படியே உயர்ந்துவிடுகிறது. நான் விட்டதைப் பிடித்துக்கொடுத்தீர்கள்.

கடலூர்: அப்போ சுனாமியும் இதே மாதிரிதானா?

இல்லை. காற்றலை மேல்பரப்பு விவகாரம், சுனாமியில் மேலிருந்து அடிவரை முழுக் கடலும் நகர்கிறது. அதன் நீளம் நூறு கிலோமீட்டரையும் தாண்டும். ஆகவே 4 கிலோமீட்டர் ஆழக் கடல்கூட அதற்கு ஆழமற்ற குட்டைதான். வேகத்தை ஆழம் மட்டுமே தீர்மானிக்கும்: 4 கிலோமீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டர். 2004 டிசம்பர் 26 காலை 6.29க்குச் சுமத்ராவில் குலுங்கியது, சுமார் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் உங்கள் கரையில்.

சென்னை, மீனவக் குடும்பம்: தெற்கேயிருந்து வடக்கே ஓடுற தண்ணிய வன்னின்னும், வடக்கேயிருந்து தெற்கே வர்றத தெண்டின்னும் எங்க அப்பா சொல்வாரு. ஏன் சார் வருஷத்துக்கு ரெண்டு தடவ மாறுது?

இந்தத் தொகுப்பிலேயே எனக்குப் பிடித்த கேள்வி. அமெரிக்கக் கரையோரம் ஓடும் வளைகுடா நீரோட்டம் என்றைக்கும் திரும்பி ஓடாது. நம் கரையோர நீரோட்டம் ஏறக்குறைய பிப்ரவரியிலிருந்து சில மாதம் வடக்கே போகும், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை தெற்கே வரும். பருவக்காற்று திசை மாறுவதால்தான் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்: மார்ச், ஏப்ரலில் தெற்கேயிருந்து வரும் சோழகக் காற்று இன்னும் பலமாகத் தொடங்கியிருக்காது, தண்ணீர் மட்டும் வடக்கே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். காற்று வருவதற்கு முன்பே ஓட்டம் எப்படித் திரும்பியது?

விரிகுடாவின் நடுவில் அடிக்கும் காற்றும், நிலநடுக்கோட்டில் அடிக்கும் காற்றும் கடலுக்குள் மெதுவான நெளிவுகளை எழுப்புகின்றன. அவை சுமத்ரா, மியான்மர், வங்கம், ஒடிசா என்று கரையைப் பிடித்துக்கொண்டே சுற்றி வருகின்றன. வந்து சேர வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆகும். எங்கோ அடித்த காற்றுக்கு இங்கே தண்ணீர் பதில் சொல்கிறது.

ராயபுரம்: மெரினாவில் மட்டும் மணல் மலையாகக் கிடக்கிறது, எங்கள் பக்கம் கல்தான் மிச்சம். கடலுக்கு எங்கள் மேல் என்ன கோபம்?

கடலுக்குக் கோபமில்லை, துறைமுகம் நடுவில் நிற்கிறது. வருடத்தில் அதிக மாதம் அலை தென்கிழக்கிலிருந்து சாய்ந்து வந்து கரையில் மோதுகிறது. ஒவ்வொரு மோதலும் மணலை ஒரு சாண் வடக்கே நகர்த்தும். வாடைக்காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும், ஆனாலும் நிகரக் கணக்கு வடக்கேதான். 1876இல் துறைமுகச் சுவர் கட்டத் தொடங்கியதும் இந்த மணல் ஊர்வலம் மறிக்கப்பட்டது. தெற்கே தேங்கியது மெரினா. வடக்கே வரவேண்டிய மணல் வராததால், அலை உங்கள் கரையிலிருந்ததை எடுத்துக்கொண்டு போனது. கல் கொட்டினால் கொட்டிய இடம் நிற்கும், பசி அடுத்த குப்பத்துக்கு நகரும். இதைத் தெரிந்துகொண்டே இன்னும் கல் கொட்டுகிறோம்.

மதுரை: கடலில் குளிக்கும்போது உள்ளே இழுத்தால் என்ன செய்வது?

கரையை நோக்கி நீந்தாதீர்கள். அலை கொண்டுவந்து தள்ளிய தண்ணீர் திரும்பிப் போக ஒரு குறுகிய வாய்க்காலைத் தேடிக்கொள்கிறது, நீங்கள் அதற்குள் இருக்கிறீர்கள். சில சமயம் அது நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டும், அதை எதிர்த்து ஒலிம்பிக் வீரரும் ஜெயிக்க முடியாது. அது உங்களை ஆழத்துக்கு அமுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். மிதந்து மூச்சைக் காத்துக்கொண்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து, பிறகு அலையோடு கரையேறுங்கள். முடியாவிட்டால் மிதந்தபடியே கையை உயர்த்துங்கள். இன்னொன்று: இருபக்கமும் அலை உடைந்து நுரைக்கும்போது நடுவில் ஓர் இடம் மட்டும் அமைதியாக இருந்தால், பாதுகாப்பான இடம் என்று அங்கேதான் எல்லாரும் இறங்குவார்கள். அதுதான் அந்த வாய்க்கால்.

திண்டுக்கல்: தனுஷ்கோடியில் ஒரு பக்கம் ஆண்கடல், மறுபக்கம் பெண்கடல் என்றார்கள். கன்னியாகுமரியில் மூன்று கடலும் மூன்று நிறம் என்றார்கள். உண்மையா?

முதலாவதில் விஷயம் இருக்கிறது. பாக் விரிகுடா ஆழமில்லாதது, தீவும் மணல்திட்டும் இலங்கையும் மறைத்து நிற்கின்றன. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் போனால் அந்தப் பக்கம் குளம் போலவும், மன்னார் வளைகுடாப் பக்கம் சீறிக்கொண்டும் இருக்கும். மார்கழியில் போய்ப் பாருங்கள், குணம் இடம் மாறியிருக்கும். ஆழமில்லாத கடலில் புயல்காற்று தண்ணீரைக் குவிப்பதும் எளிது. 1964 டிசம்பரில் அந்த ஊரே போனது அப்படித்தான். இரண்டாவது, சங்கு விற்பவர் சொன்ன கதை. எல்லை வரைபடத்தில் மட்டும்தான். நிறம் மணல், ஆழம், மேகத்தைப் பொறுத்தது.

பெயர் போடவேண்டாம் என்றவர்: தண்ணீர் தீர்ந்துவிட்டால் கடல்நீரைக் கொஞ்சம் குடிக்கலாமா?

கூடாது. நம் சிறுநீரகம் கடல்நீர் அளவுக்கு உப்பான சிறுநீரைப் பிரிக்காது. குடித்ததைவிட அதிகத் தண்ணீரை உடல் இழக்கும்.

திருச்சி, எட்டாம் வகுப்பு: வங்காள விரிகுடா மேல சூடா இருக்குன்னா அடியிலயும் சூடா இருக்குமா அங்கிள்?

இருக்காது தம்பி. ஒருமுறை விரிகுடாவின் நடுவில், மே மாத மத்தியானம், கப்பல் தளத்தில் செருப்பில்லாமல் நிற்க முடியாத வெயில். 3,000 மீட்டர் ஆழத்துக்குக் கருவியையும் நீர்ப்புட்டிகளையும் இறக்கினோம். கூடவே ஒரு வலைப்பையில் தெர்மகோல் டீ கப் ஒன்றையும் கட்டிவிட்டோம். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும், அப்படியானால் அங்கே 300 மடங்கு. இறங்கி ஏற இரண்டு மணி நேரம் போலப் பிடித்தது. கப் மேலே வந்தபோது பாட்டி சுருக்குப்பையில் போடும் அளவுக்குச் சுருங்கியிருந்தது, வடிவம் மட்டும் அப்படியே. புட்டியைத் தொட்டால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தது போல் சில்லிட்டது. அடியில் வெப்பநிலை 2 டிகிரிதான். நம் விரிகுடாவுக்கு வடக்கே நிலம் அடைத்து நிற்கிறது, அந்தக் குளிர் தெற்கேயிருந்துதான் வரமுடியும். அண்டார்டிகா பக்கம் குளிர்ந்து கனத்து மூழ்கிய நீர், கடல்தரையோடு ஊர்ந்து பல நூறு ஆண்டுகளில் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

மாதிரி எடுத்தது போக மிச்ச நீரைக் கொட்டப் போனபோது சமையல்காரர் தடுத்துவிட்டார். ஒரு வாளியில் பிடித்துக்கொண்டு போய், மோர் பாட்டில்களை அதில் நிறுத்தினார்.